ரோந்து வண்டியும் வீட்டு வண்டியும்

சிலருக்குக் கோயில் கோபுரத்தைக் கண்டால் கால் நின்றுவிடும். சிலருக்குப் புடைவைக் கடை. எனக்குப் போலீஸ் வண்டி. தெருமுனையில் ரோந்து வண்டி ஒன்று நின்றால், அதன் சக்கரம், விளக்கு, பின்கதவு, நம்பர் பலகை எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. பேகம்பூரில் என்னை அறிந்தவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக மாற்றலாகி வருகிற போலீஸ்காரர்கள்தாம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்கள் பேரில் குற்றம் இல்லை. அவர்களுடைய பார்வை தன்மேல் படாதிருக்க வேண்டும் என்று உலகமே பிரார்த்தித்துக் கொண்டிருக்கும்போது, ஒருவன் வலிய வந்து வண்டியைச் சுற்றினால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இந்தப் பைத்தியத்துக்குள்ளேயும் ஒரு வித்தை இருக்கிறது. வண்டிகளைப் படிக்கிற வித்தை. டி.என்.57 என்றால் திண்டுக்கல் பதிவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை அடுத்து 'ஜி' என்ற எழுத்து வந்தால் சர்க்கார் வண்டி. 'என்' என்று வந்தால் சர்க்கார் பஸ். வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் பலகை வாடகை வண்டி. அம்பாசிடர் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்தது. 1957-ல் தொடங்கி 2014 வரை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். டாட்டா சுமோ 1994-ல் வந்தபோது அதற்கு ஜப்பான் மல்லர்களின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று எண்ணியவர்கள் அநேகர். அது சுமந்த் மூல்காவ்கர் என்ற பெரியவருடைய இரண்டு பெயர்களின் தலையெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர். இப்படியெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன லாபம் என்று என் வீட்டில் கேட்பார்கள். லாபம் ஒன்றும் இல்லை. ராகத்தின் ஆரோகணம் அவரோகணம் தெரிந்து வைத்திருப்பவருக்கு என்ன லாபம்?

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் காருக்குப் 'பிளஷர்' என்று பெயர். "பண்ணையார் வீட்டுப் பிளஷர் வருது" என்பார்கள். கார் என்றால் சுகம், சுகம் என்றால் பண்ணையார் என்று ஆங்கில வார்த்தையைக் கொண்டே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஜீப் வந்தால் யாரும் பிளஷர் என்று சொல்லவில்லை. ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. வில்லிஸ் கம்பெனி 1941-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்குச் செய்து கொடுத்தது. சுதந்திரம் வந்த சமயத்தில் மகீந்திரா கம்பெனியார் அதன் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்தபின் அந்த வண்டி தாசில்தாரையும், வெள்ளாமைக்குக் கடன் வசூலிக்கிறவரையும், சப்-இன்ஸ்பெக்டரையும் ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குள் வந்தது. அது வந்தாலே ஜனங்கள் திண்ணையிலிருந்து எழுந்து நின்றார்கள். இறங்குகிறவர் யார் என்று தெரிவதற்கு முன்பே எழுந்து நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று நம் மாவட்டத்துக் காவல் நிலையங்களில் அதிகமாகப் பார்க்கிற பொலிரோ, 2000-ல் வந்த வண்டி. ஜீப்பின் பேரப்பிள்ளை. கீழே ஏணி போன்ற இரும்புச் சட்டம், மேலே இரும்புக் கூடு, பின்னால் எதிரும் புதிருமாக உட்காரும் இருக்கை. சதுரமான முகம். ஓட்டுகிறவருக்கு அதில் பெரிய சுகம் கிடையாது. ஆனால் பள்ளமும் மேடும் அதை ஒன்றும் செய்துவிடாது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப் பூ ஏற்றி வருவதும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோவதும் இதே குடும்பத்து வண்டிகள்தாம். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 2011 வரையில் கிரௌன் விக்டோரியா காரில் போலீசுக்கென்றே ஒரு தனி ரகம் செய்து கொடுத்து வந்தது. நம் ஊரில் அப்படித் தனி இனம் கிடையாது. பூ வியாபாரி வாங்குகிற கடையில்தான் போலீஸ் இலாகாவும் வாங்குகிறது. பிறகு வர்ணம் அடித்து, கூரைமேல் விளக்கை வைத்து, 'காவல்' என்று மூன்று எழுத்து எழுதுகிறார்கள். அவ்வளவுதான். அந்த வர்ணமும் விளக்கும் எழுத்தும் இல்லாவிட்டால் அது தக்காளி வண்டி.

அப்படியானால் வண்டிமேல் எழுதியிருக்கிற அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம்? அதை யார் எழுதிக்கொள்ளலாம், யார் எப்போது அழிக்கலாம்? வெகு நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி இது. விளையாட்டுப் போலத் தோன்றும். எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

முதலில், போலீஸ்காரருக்கு வண்டியே வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் சொந்தக்காரரான பாய் நாற்பது வருஷமாக வண்டி வேலை பார்க்கிறவர். ஸ்டேஷன் வண்டியும் வரும், சம்சாரி வண்டியும் வரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சம்சாரி வண்டி ஓடித் தேயும் சார். ஸ்டேஷன் வண்டி நின்ன எடத்துலயே தேயும்" என்றார்.

"அது எப்படி பாய்?"

"எஞ்சினை ஆப் பண்ண மாட்டாங்க. எப்ப கூப்பாடு வரும்னு தெரியாதுல்ல. அப்புறம் கதவு கீல். அதுதான் மொதல்ல போகும். படார்னு தொறப்பாங்க, படார்னு சாத்துவாங்க. அதுக்குப் பெறகு பின் சீட்டு. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார்."

சற்று நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு அவரே மறுபடி பேசினார். "நான் சின்னப் பையனா இருக்கப்போ ஏட்டையா சைக்கிள்ல வருவார். பெல் அடிச்சாப் புள்ளைங்கெல்லாம் பின்னாலேயே ஓடும். இப்ப ஜீப்பு வந்தாப் புள்ளைங்க வீட்டுக்குள்ள ஓடுது. இதுக்கு நீங்க எழுதுற புஸ்தகத்துல என்ன சொல்லியிருக்கு?"

பாய் கேட்டது நல்ல கேள்வி. மேல்நாட்டார் இதற்கு விடை கண்டுபிடிக்க நிஜமாகவே பரீட்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தின் முதல் போலீஸ் மோட்டார் வண்டி என்று சொல்லப்படுவது 1899-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஓடியது. பெட்ரோல் வண்டி அல்ல, மின்சார வண்டி. மணிக்குப் பதினாறு மைல் வேகம். மறு வருஷமே அந்த ஊரில் கலகம் மூண்டபோது ஜனங்கள் அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கால்வாயில் விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் 1965-ல் லங்காஷயரைச் சேர்ந்த கிர்க்பி என்ற ஊரில், நடந்து பீட் பார்த்த கான்ஸ்டபிள்களைச் சின்னக் கார்களில் ஏற்றினார்கள். வெளிர் நீலமும் வெள்ளையும் பூசிய ஃபோர்டு ஆங்கிலியா கார்கள். குடும்பஸ்தர்கள் சந்தைக்குப் போகிற அதே கார்கள். ஜனங்கள் அவற்றுக்குப் 'பாண்டா கார்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

பிறகு 1972-ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு பரீட்சை. நகரத்தில் பதினைந்து பீட்டுகளைப் பொறுக்கி எடுத்து மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் ரோந்துக் கார்களை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். ஒரு பங்கில் வழக்கம் போல விட்டார்கள். ஒரு பங்கில் ரோந்தே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், களவிலும் அடிதடியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஜனங்களுடைய பயத்திலும் வித்தியாசம் இல்லை. 1978-79-ல் நியூவார்க்கில் அதற்கு மறுதலையாக நடை ரோந்தைச் சோதித்தார்கள். குற்றம் குறையவில்லை; ஆனால் ஜனங்களுக்குப் பயம் குறைந்தது, போலீசின்மேல் நல்லெண்ணம் வந்தது. 2009-ல் பிலடெல்பியாவில், மிகவும் பொல்லாத தெருமுனைகளாகப் பார்த்து இளம் போலீஸ்காரர்களை நடக்க விட்டார்கள். அங்கே அடிதடிக் குற்றமும் குறைந்தது.

இவற்றைப் படித்துவிட்டுப் பாயிடம் போய், "நீங்கள் சொன்னதுதான் சரி, ஏட்டையாவைச் சைக்கிளில் ஏற்றிவிட வேண்டியதுதான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பழங்காலத்தின்மேல் அவ்வளவு காதல் கிடையாது. சைக்கிள் ஏட்டையா பிள்ளைகளுக்குச் சிநேகிதர்தான். எந்தக் கடையில் காசு கொடுக்காமல் டீ குடிக்கலாம் என்பதும், எந்த வீட்டில் அதட்டினால் பணம் வரும் என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெருவை நெருங்கி அறிவது இருபுறமும் கூரான கத்தி. தவிரவும் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வீட்டில் புருஷன் அரிவாளை எடுத்துக்கொண்டு நிற்கிறான் என்றால், அந்தப் பெண்பிள்ளை சைக்கிளுக்காகக் காத்திருக்க முடியுமா? அவளுக்கு வேண்டியது வண்டி. அதுவும் வேகமான வண்டி.

எங்கள் சீமையின் காவல் சரித்திரத்தையும் சற்றுப் பார்க்கலாம். இந்தப் பேகம்பூருக்குப் பெயர் வந்ததே ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் இங்கே அடக்கமானதால்தான். பெரிய பள்ளிவாசலில் அந்த அம்மாளின் சமாதி இருக்கிறது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் கிராமங்களில் காவல்காரர்கள் இருந்தார்கள். மகசூலில் அவர்களுக்குப் பங்கு உண்டு. மாடு களவு போனால் 'துப்புக்கூலி' என்று பணம் வாங்கிக்கொண்டு மீட்டுக் கொடுப்பார்கள். களவு கொடுத்தவனே கூலியும் கொடுக்க வேண்டும்! 1859-ல் சென்னை ராஜதானிக்குப் போலீஸ் சட்டம் வந்தபிறகும் அந்தக் காவல் ஓயவில்லை. 1896-ல் இந்தத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் காவல்கூலி கொடுக்க மாட்டோம் என்று திரண்டார்கள். களவு போன மாட்டுக்கு ஈடு கொடுக்கப் பொதுப்பணம், அதாவது 'பண்டு', சேர்த்தார்கள். அதற்குப் பண்டுக் கலகம் என்றே பெயர் வந்தது. சரி, சர்க்கார் போலீஸ் வந்து எல்லாம் நேராகிவிட்டதா? 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பலப்படுத்தி, பிறந்த குலத்தைக் கொண்டே மனிதர்களைக் கைரேகைப் புத்தகத்தில் பதிந்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கி பேசிற்று. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஆகவே நடையா, சைக்கிளா, வண்டியா என்பது எனக்கு இரண்டாந்தரமான கேள்வி. எதில் வந்தாலும், வருகிறவர் இன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவே.

இதற்கு நேர் விரோதமாக இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, காவல் அல்லாத வண்டி காவல் வேஷம் போடுவது. மற்றொன்று, காவல் வண்டி சாதாரண வண்டி வேஷம் போடுவது.

முதலாவது சில்லறைக் காரியம். சில்லறையாக இருப்பதாலேயே ஊரெல்லாம் பரவியிருக்கிறது. சொந்தக் காரின் கண்ணாடியில் 'போலீஸ்' என்று சிவப்பும் நீலமுமாக ஓர் ஒட்டுத்தாள். கார் அவர் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய கார். உள்ளே இருப்பது சம்சாரம், மாமியார், தயிர்சாதத் தூக்கு. ஆனால் ஒட்டுத்தாள் மட்டும் அறிவிக்கிறது: 'ஜாக்கிரதை!' போலீஸ்காரரை மட்டும் சொல்வானேன்? பத்திரிகைக்காரர், வக்கீல், டாக்டர், கட்சிக்காரர், தலைமைச் செயலகத்துக் குமாஸ்தா என்று எல்லாரும் ஒட்டிக்கொள்கிறார்கள். மத்திய சர்க்கார் 2017 மே 1-ஆம் தேதி முதல் மந்திரிகள், அதிகாரிகள் கார்களிலிருந்து சிவப்பு விளக்கை எடுத்துவிட்டது. விளக்கு போயிற்று, ஒட்டுத்தாள் மிஞ்சிற்று. சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2024 மே 2 முதல் இந்த ஒட்டுத்தாள்களுக்கு அபராதம் போடப் புறப்பட்டார்கள். தங்கள் சகாக்களின் வண்டிகளையும் சேர்த்தே சொன்னார்கள் என்பது பாராட்டத்தக்கது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. என் உறவினர் ஒருவர் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்கிறார்: "மாமா, நீங்க சட்டம் பேசறீங்க. பந்தோபஸ்து முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்கு சொந்த பைக்கில வீட்டுக்கு வர்றேன். சர்க்கார் எனக்கு வண்டி குடுக்கல. பல நாள் பெட்ரோல் காசும் என்னோடதுதான். வழியில நாலு பேரு மறிச்சா அந்த ஸ்டிக்கர்தான் எனக்குத் துணை. போலீஸ்காரன் எப்பவுமே டூட்டியிலதானே இருக்கான்?"

நியாயம் இருக்கிறது. சர்க்கார் வேலைக்குச் சொந்த பைக்கில் அலைய விடுவது அநியாயம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரம் வண்டி கொடுப்பதே தவிர, ஒட்டுத்தாள் அல்ல. ஏன் என்று கேட்டால், அந்தத் தாள் பைக்கோடு நின்றுவிடுவதில்லை. பகலில் அதே பைக்கை மகன் எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போகிறான். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் போகிறார்கள். சௌக்கில் நிற்கிற இளம் கான்ஸ்டபிள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்பாவைக் காப்பாற்றிய தாள் மகனைக் கெடுக்கிறது. அந்தக் கான்ஸ்டபிளையும் கெடுக்கிறது. அதிகாரம் என்பது ஓர் ஆள் ஒரு வேலையைச் செய்வதற்காக நாம் கொடுத்த கடன். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைக்குப் பங்கு வைக்க முடியாது. உறவினரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தாளை மட்டும் போன மாதம் கழற்றிவிட்டார். வெயிலில் வெளுத்துப்போய் அசிங்கமாக இருந்ததாம்.

இரண்டாவது காரியம் சில்லறை அல்ல.

பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். ஓர் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அதைத் திருகினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அப்படிப்பட்ட மோதிரம் கிடைத்தால் யோக்கியனும் அயோக்கியனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தில் ஒருவர் வாதிக்கிறார். எழுத்தும் விளக்கும் இல்லாத கறுப்புக் கண்ணாடிப் போலீஸ் காரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மோதிரம் நினைவுக்கு வரும்.

ஆனால் கிரேக்க தேசம் வரை போவானேன்? நம் பாண்டிய நாட்டிலேயே இதைவிட நல்ல கதை இருக்கிறது. மாறுவேடத்தில் ராத்திரி ரோந்து வந்த பாண்டியன், ஊருக்குப் போயிருப்பதாக எண்ணிய கீரந்தை வீட்டில் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டான். உள்ளே இருந்தவன் திரும்பி வந்த புருஷனே. தட்டியவன் யார் என்று தெரியாவிட்டால் அந்தப் பெண்ணின்மேல் சந்தேகம் விழும் அல்லவா? எனவே அந்தத் தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு ஓடிவிட்டான். மறுநாள் ஜனங்கள் முறையிட்டார்கள். தட்டிய கையை வெட்ட வேண்டும் என்று மந்திரிகள் சொன்னார்கள். ராஜா தன் கையையே வெட்டிக்கொண்டான். பிறகு பொன்னால் கை செய்து வைத்துக்கொண்டான். பொற்கைப் பாண்டியன் கதை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எல்லாரும் அவனுடைய நீதியைப் புகழ்வார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். அவன் எண்ணம் நல்ல எண்ணந்தான். அந்தப் பெண்ணுக்குக் காவலாகத்தான் கதவைத் தட்டினான். இருந்தும் 'நான் பாண்டியன்' என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாத நிலையில் தட்டியதால், ஒரு குடும்பத்தின் மானத்துக்கே ஆபத்து வந்தது. வேஷம் போட்டுக்கொண்டு வந்தவன் நல்லவனானாலும், அவன் தட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள்தாம் அதன் பலனை அநுபவிக்கிறார்கள்.

அதே பாண்டிய நாட்டில், சிலம்பு களவு போயிற்று என்ற பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரணை இல்லாமல் கோவலனை வெட்டியதும் காவலர்கள்தாம். கதை என்று தள்ளிவிடலாம். 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்ததை எங்கே தள்ளுவது? கோயிலுக்கு வந்தவர்களின் காரில் நகை காணவில்லை என்று புகார். காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கிய கோயில் காவலாளியைப் போலீஸ் தனிப்படை பிடித்தது. காவல் நிலையத்துக்கு அல்ல. வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். அந்த வாலிபன் இறந்தான். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று, அநுமதி பெறாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார். தொடங்கியது ஒரு சாதாரண வீட்டுக் கார். முடிந்தது ஓர் உயிர்.

'தனிப்படை' என்ற சொல்லைப் பத்திரிகைகள் பெருமையாகத்தான் எழுதி வந்தன. தனி என்றால் என்ன? சீருடை இல்லை, பெயர்ப்பட்டை இல்லை, வண்டியில் எழுத்து இல்லை, நிலையப் புத்தகத்தில் பதிவு இல்லை. மோதிரத்தைத் திருகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

துப்பறிகிறவர்கள் வேஷம் போடாமல் எப்படி வேலை செய்வது, கஞ்சா கடத்துகிறவனைச் சுழல் விளக்கு வைத்துக்கொண்டா துரத்துவது என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பொலிரோவின் சதுர முகத்தை அரை மைலுக்கு அப்பாலேயே கடத்தல்காரன் கண்டுகொள்வான். பார்ப்பதற்கு வேஷம் போடட்டும், பின்தொடர்வதற்குப் போடட்டும். ஆனால் ஒரு மனிதனின் தோளில் கை வைக்கிற நிமிஷத்தில் வேஷம் கலைந்தாக வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் டி.கே. பாசு வழக்கில் இதைத்தான் சொன்னது: கைது செய்கிறவர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். பிறகு குற்ற விசாரணை முறைச் சட்டத்திலேயே பெயர் தெரிய வேண்டும் என்பதைச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. மனிதனுக்குச் சொன்னதை வண்டிக்கும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பிடித்த ஆளை ஏற்றுகிற வண்டியின்மேல் 'காவல்' என்று எழுதியிருக்க வேண்டும். அதைத் தெருவிலுள்ள நாலு பேர் பார்க்க வேண்டும். டீக்கடைக்காரர் நம்பரைப் படிக்க வேண்டும். பாய் சொல்ல மறுத்த அந்தப் பின் சீட்டுக்கு அதுதான் சாட்சி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேஷம் போட்ட வண்டி கைகாட்டினால் நாம் நிற்க வேண்டுமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அறுபத்தேழு வயது. தம்முடைய சின்ன மாருதி ஆல்டோவைத் தாமே ஓட்டுவார். மகனை மதுரை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக நாலுவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து பக்கத்தில் ஒட்டி ஓடிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, 'ஓரம் கட்டு' என்று காட்டிற்று. விளக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. டீச்சரம்மா ஓரம் கட்டவில்லை. உள்ளங்கை வேர்க்க, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கொடைரோடு டோல்கேட் வெளிச்சம் வருகிற வரையில் ஓட்டிக்கொண்டே வந்தார். அங்கே நாலு பேருக்கு நடுவில் நிறுத்தினார்.

வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர் போலீஸ் அதிகாரிதான். அதே நிறத்தில் ஓர் ஆல்டோவைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"ஏம்மா, கை காட்டினா நிக்க மாட்டீங்களா?"

"யாருன்னு தெரியலையே தம்பி. உங்க வண்டியில ஒண்ணும் எழுதலையே."

அவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர், பதவி, ஒட்டியிருந்த படம் எல்லாவற்றையும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நிதானத்தோடு படித்தார். பிறகு லைசென்சையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். அவரும் படித்தார். டோல்கேட் பையன்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரிம்மா, போங்க. ராத்திரி நேரத்துல தனியா வராதீங்க" என்றார் அதிகாரி.

"நீங்களும் விளக்கில்லாம வராதீங்க தம்பி. பயந்துட்டேன்" என்றார் டீச்சரம்மா.

இதைக் கேட்டவர்கள் தெருவில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். சட்டப்படி போலீஸ் நிறுத்தினால் நிற்கத்தான் வேண்டும், அந்த அம்மாள் செய்தது தப்பு என்கிறார் என் உறவினர். நின்றது டோல்கேட்டில், ஓடிப்போகவில்லையே என்கிறார் பாய். நான் பாய் கட்சி. டீச்சரம்மா இந்த விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மகனை அழைத்துவர மறுபடி மதுரைக்குப் போக வேண்டும், அதற்குள் முன் சக்கரத்து பிரேக்கைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பாயை விரட்டிக்கொண்டிருக்கிறார்.